கண்காணித்த குன்றும் காணியிழந்த குடிகளும்

போர் முடிந்தால் வீரன் வீடு திரும்புகிறான். துவக்கு ஆயுதசாலைக்குத் திரும்புகிறது. கப்பல் தன் துறைக்குத் திரும்புகிறது. போருக்கென்று எடுக்கப்பட்ட நிலம் மட்டும் அதை உழுதவன் கைக்குத் திரும்புவதற்கு ஏன் இத்தனை காலம் செல்கிறது? திருக்கோணமலைத் துறைமுகத்தின் வாயிலில் நிற்கும் பழைய காவற் குன்றொன்றின் உச்சியில் அண்மையில் நாம் நின்றபோது நம் உள்ளத்தில் எழுந்த கேள்வி இது. இதற்கு விடை காண்பது நம் மக்கள் அனைவருடைய கடமையென்று கருதுவதால், இவ்வாரம் இப்பகுதியை அதற்கென ஒதுக்குகின்றோம்.

ஒஸ்டென்பேர்க் குன்றின் வரலாற்றை நம் வாசகர் பலர் அறிவர். ஒல்லாந்தர் அங்கே கோட்டை கட்டினர். 1782ஆம் ஆண்டு ஒன்றிலேயே முதலில் ஆங்கிலேயரும், பின்னர் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேனும் அதைக் கைப்பற்றினர். 1795இல் அது மறுபடியும் ஆங்கிலேயர் வசமாயிற்று. கடற்படைத் தளபதி சாமுவேல் ஹூட் என்பவரின் பெயரால் அங்கு எழுந்த காவற் கோபுரம் இன்று கடற்படை அருங்காட்சியகமாக விளங்குகின்றது. ஒரு காலத்தில் பகைவரின் பாய்மரங்களைத் தேடிக் கண்விழித்திருந்த இடத்தில் இன்று பாடசாலைப் பிள்ளைகள் பழைய பீரங்கிகளைத் தொட்டுப் பார்த்து மகிழ்கின்றனர். நல்லதே நடந்திருக்கிறது. அதை மனமாரப் பாராட்டுகின்றோம்.

ஆயினும் அங்கு செல்வதற்கு நாம் கடற்படைத் தளத்தின் வாயிலில் அடையாள அட்டையைக் காட்ட வேண்டியிருந்தது. நம்மை அழைத்துச் சென்ற மாலுமி மிக்க மரியாதையுடன் நடந்து கொண்டார். அவர்மீது நமக்கு ஒரு குறையும் இல்லை. எனினும் காட்சிக்குத் திறந்த இடம் வேறு, மக்களுக்குத் திரும்பிய இடம் வேறு என்பதை அந்த வாயில் நமக்குச் சொல்லாமற் சொல்லிற்று.

நம்முடன் இருவர் வந்திருந்தனர். ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். மற்றவர் சம்பூரைச் சேர்ந்த கமக்காரர். 2006ஆம் ஆண்டில் ஊரை விட்டு ஓடி, கிளிவெட்டி முகாமில் பல ஆண்டுகள் கிடந்து, பின்னரே தம் மண்ணை மிதித்தவர். குன்றின் உச்சியில் நின்றால் கொட்டியாரக் குடா முழுவதும் ஒரு தாம்பாளத்தில் வைத்ததுபோல் கண்முன் விரிகின்றது. அவர் தெற்கே விரலை நீட்டித் தம் ஊர்த் திசையைக் காட்டினார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “ஐயா, நாங்கள் முகாமில் இருந்த அத்தனை வருஷமும் இங்கு நின்றவர்கள் எங்கள் ஊரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். பார்க்க முடியாமல் இருந்தவர்கள் நாங்கள் மட்டுந்தான்.”

இந்தச் சொற்களுக்கு நாம் விரிவுரை கூறப் போவதில்லை. இக்கட்டுரை முழுவதும் அவற்றின் விளக்கமே.

போர்க்காலத்துக் கண்

திருக்கோணமலையில் மனிதக் கண்ணுக்கு எட்டாததைக் காணும் கண்ணொன்றும் முன்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கிலேய விமானப்படை இங்குள்ள எலிசபெத் முனையில் ராடார் நிலையமொன்றை நிறுவியிருந்தது. வானொலி அலையை வெளியே செலுத்தி, அது எதிர்ப்பட்ட பொருளில் மோதித் திரும்பும் நேரத்தை அளந்து, அப்பொருள் எத்துணைத் தூரத்தில் உள்ளது என்று அறிவதே ராடாரின் தத்துவம். அந்த அலை நொடிக்கு 3 இலட்சம் கிலோமீற்றர் செல்வதால், 150 கிலோமீற்றருக்கு அப்பால் வரும் விமானத்தின் செய்தி ஒரு நொடியின் ஆயிரத்திலொரு பங்கு நேரத்தில் கையிற் கிடைத்துவிடும்.

1942ஆம் ஆண்டு ஏப்ரில் 5ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. பகைக் கப்பல்கள் வருகின்றன என்ற செய்தி முதல் நாளே கிடைத்திருந்தும், விமானங்கள் தலைக்கு மேல் வந்த பின்னரே இரத்மலானைத் தளம் விழித்துக் கொண்டது. நான்கு நாட்களின் பின், ஏப்ரில் 9ஆந் தேதி காலை, திருக்கோணமலையின் முறை வந்தது. இங்கே எலிசபெத் முனை நிலையம் பகைவரின் வருகையை முன்கூட்டியே கண்டு கூறியது. சீனன்குடாவில் இருந்த போர் விமானங்கள் மேலெழுந்து எதிர்த்து நின்றன. ஆயினும் தளமும் எண்ணெய்க் குதங்களும் தாக்குண்டன. அன்றே மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 307 பேருடன் ஆழ்ந்தது. தூரத்தைக் காணும் கண் இருந்தும் உயிர்கள் பல காக்கப்படவில்லை என்பது அன்றைய பாடம். பகைவனைக் காணத் தெரிந்த ஆட்சிக்குப் பக்கத்திலுள்ள குடியானவனைக் காணத் தெரியாமற் போவது இன்றைய பாடம்.

வாள் ஏரான வரலாறு

போர்க்கருவி அமைதிக் கருவியாவது உலகிற் புதிதன்று. 1945ஆம் ஆண்டின் இறுதியில் பேர்னாட் லவல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, இராணுவம் கழித்துவிட்ட ராடார் கருவிகளை யோட்ரல் பாங்க் என்னும் சிற்றூருக்குக் கொண்டு சென்று வானத்தை ஆராயத் தொடங்கினார். அந்த இடம் உலகின் பெரும் வானாராய்ச்சி நிலையங்களுள் ஒன்றாக வளர்ந்து, 2019இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம் பெற்றது. ஒல்லாந்து நாட்டில் ஜெர்மானியப் படை விட்டுச் சென்ற ராடார்த் தட்டொன்றைக் கொண்டு, 1951இல், விண்ணிலுள்ள ஐதரசன் வாயுவின் அலைகளை விஞ்ஞானிகள் கேட்டறிந்தனர். விமானத்தைத் தேடிய ராடாரில் மழைத்துளிகளின் எதிரொலி வீண் இரைச்சலாக வந்து படைவீரனைத் தொல்லைப்படுத்தியது. அதே இரைச்சலைத்தான் இன்று வானிலை அறிஞர் படித்து, மழையையும் புயலையும் நமக்கு முன்னறிவிக்கின்றனர்.

தூர தேசம் செல்வானேன்? நம் இலங்கையிலேயே கண்கூடான சான்றுகள் உள. போர்க்காலத்தில் நேச நாட்டுப் படைகளுக்கென்று கொழும்பில் அமைந்தது சீயாக் வானொலி. ஏக்கலையில் நிறுவிய அதன் பேராற்றல் மிக்க ஒலிபரப்பி ஆசியாவெங்கும் கேட்டது. 1949இல் அது இலங்கை அரசாங்கத்தின் கைக்கு வந்தது. 1950ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30ஆந் தேதி வர்த்தக சேவை தொடங்கிற்று. பட்டாளத்துக்காகப் பேசிய கருவி நம் வீட்டுத் திண்ணைக்குத் தமிழ்ப் பாட்டைக் கொண்டு வந்தது. தமிழ்நாட்டின் பட்டிதொட்டிகளிலும் இலங்கை வானொலியின் தமிழ்க் குரலுக்காக மக்கள் காத்திருந்தனர். கட்டுநாயக்காவில் ஆங்கிலேய விமானப்படையின் ஓடுபாதை இருந்த இடமே இன்று நாட்டின் தலைவாயிலான சர்வதேச விமான நிலையம். பலாலியில் அதே போர்க்காலத்தில் அமைந்த ஓடுதளம் 2019 அக்டோபரில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையமாயிற்று.

திருக்கோணமலைக்கே உரிய சான்று இன்னுமொன்று உண்டு. போர்க்காலத்தில் ஆங்கிலேய விமானப்படையில் ராடார் அதிகாரியாகப் பணியாற்றிய ஆதர் சி. கிளாக், போர் முடிந்தபின் எழுத்தாளராகி, 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகள் வாயிலாக உலகமெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945இலேயே எழுதியவர் அவர். சுவாமிமலைப் பாறையின் அடியிலே கடலில் மூழ்கி, தம் நண்பர் மைக் வில்சனோடு அவர் கண்டவை கோணேசர் கோயிலின் இடிபாடுகள். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துக் கடலில் தள்ளிக் கோட்டை கட்டிய கோயிலின் கற்களைப் படைத்துறைக் கல்வி பெற்ற ஒருவர் மீண்டும் உலகின் கண்முன் கொண்டு வந்தார். கருவி மாறுவது பெரிதன்று, கருத்து மாறுவதே பெரிது என்பதை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

கைமாறிய தளம், மாறாத வேலி

இனித் திருக்கோணமலையின் கதைக்கு வருவோம். 1957ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆந் தேதி ஆங்கிலேயரின் கொடி இறங்கித் தளம் இலங்கைக்குக் கையளிக்கப்பட்டது. அது நியாயமான மகிழ்ச்சிக்குரிய நாளே. ஆயினும் கொடி மாறியதேயன்றி வேலி மாறவில்லை. ஆங்கிலேயக் கடற்படையின் வேலிக்குள் இருந்த நிலத்திற் பெரும்பகுதி இலங்கைக் கடற்படையின் வேலிக்குள்ளும், விமானப்படையின் வேலிக்குள்ளும் புகுந்தது. கப்பற் பட்டறைகளில் வேலை செய்து பிழைத்த குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அவர்களுக்கு ஈடாக எழ வேண்டிய வர்த்தகத் துறைமுகம் எழவில்லை.

சீனன்குடாவின் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்க் குதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். எஞ்சியுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளக்கூடியது. போர்க் கப்பல்களுக்கென்று கட்டிய இவை பல பத்தாண்டுகள் மரமும் கொடியும் மூடிக் கிடந்தன. 1987இன் இலங்கை இந்திய உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில் இவை இடம் பெற்றன. 2003இல் இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு 35 ஆண்டுகளுக்கென்று ஒப்புக்கொடுத்தனர். அதன் பின்னும் கீழ்ப்பகுதிக் குதங்கள் சிலவே பயன்பட்டன. 2022 சனவரியில் புதிய உடன்படிக்கைகள் எழுந்தன: 14 குதங்கள் அந்நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. 2025 ஏப்ரிலில் ஐக்கிய அரபு அமீரகமும் சேர்ந்து எரிசக்தி மையம் அமைக்கும் உடன்பாடு கைச்சாத்தாயிற்று. கொழும்பு, புதுடில்லி, அபுதாபி ஆகிய மூன்று தலைநகரங்களும் கலந்து பேசின. சீனன்குடாவைச் சுற்றி வாழும் மக்களைக் கலந்து பேசியவர் யார்?

இவ்விடத்தில் ஒரு சொல்லைக் கூர்ந்து நோக்குமாறு வாசகரை வேண்டுகின்றோம். இராணுவ நிலத்தைக் “குடிசார் பயன்பாட்டுக்கு” விடுவதாக அரசாங்கம் அறிவிக்கும்போது நாம் கைதட்டி விடுகின்றோம். குடிசார் பயன்பாடு என்பது வேறு. குடிகளின் பயன்பாடு என்பது வேறு. படையாளின் கையிலிருந்து நிலம் ஒரு கம்பனியின் கைக்குப் போவதும் சட்டப்படி குடிசார் பயன்பாடுதான். உழுதவனுக்கோ அன்றும் வேலிதான், இன்றும் வேலிதான். காவல் நிற்பவரின் உடுப்பு மட்டுமே மாறியிருக்கும்.

சம்பூரின் கதை இதற்குச் சாட்சி. 2006இல் மக்கள் வெளியேறினர். 2007இல் அது உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பாதுகாப்பின் தேவை தீர்ந்தபின் நிலம் ஊராரிடம் வந்ததா? இல்லை. ஒருபுறம் கடற்படை முகாம். மறுபுறம் 818 ஏக்கர் முதலீட்டுச் சபையின் வழியாகத் தனியார் நிறுவனத்துக்கு. இன்னொருபுறம் 500 மெகாவாற் அனல் மின்னிலையத்துக்கு. மக்கள் விடாது போராடினர். 2015இல் அந்த 818 ஏக்கர் மீதான உத்தரவு நீக்கப்பட்டது. கடற்படை முகாம் இருந்த நிலமும் 2016இல் திரும்பிற்று. நிலக்கரித் திட்டமும் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. கேட்டால் கிடைக்கும் என்பதற்கும், கேளாவிடின் ஒருநாளும் கிடையாது என்பதற்கும் சம்பூர் ஒன்றே போதிய சான்று.

இப்போது அங்கு 120 மெகாவாற் சூரிய மின்னிலையத்துக்கு 2025 ஏப்ரிலில் அடிக்கல் நாட்டியுள்ளனர். நிலக்கரிப் புகையிலும் சூரிய ஒளி நல்லது என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அதே ஆண்டில் முத்துநகர் விவசாயிகள், தாம் நெடுங்காலம் பயிரிட்டு வந்த வயல்கள் துறைமுக அதிகார சபையின் நிலமென்று கூறப்பட்டுச் சூரிய மின் நிறுவனங்களுக்குக் கொடுபட்டதை எதிர்த்துத் திருக்கோணமலையிலே சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்தது. தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து வாழும் மாவட்டத்தில், வயலுக்கு வரும் ஆபத்து இனம் பார்த்து வருவதில்லை என்பதை அது உணர்த்திற்று. நாம் கேட்கின்றோம்: சூரியன் நெல் விளையும் வயலின் மீது மட்டுந்தானா காய்கின்றது? அரசாங்கக் கட்டடங்களின் கூரை மீது காய்வதில்லையா? எண்ணெய்க் குதங்களைச் சூழ்ந்த வெற்று நிலத்தின் மீது காய்வதில்லையா?

பாதுகாப்பு என்னும் வாதம்

எதிர்த்தரப்பு வாதத்தையும் நேர்மையுடன் கூறுவோம். திருக்கோணமலை உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று; வல்லரசுகள் பலவும் அதன் மீது கண் வைத்துள்ளன; அதைக் காப்பது எந்த அரசாங்கத்துக்கும் கடமை; ஆகவே படைகள் அங்கே இருந்தே தீரவேண்டும் என்பர். இவ்வாதத்தை நாம் முற்றாக மறுக்கவில்லை. கடற்படைக்குக் கப்பற்றுறை வேண்டும். விமானப்படைக்கு ஓடுபாதை வேண்டும். அவற்றைக் கேட்டு நாம் வழக்காடவில்லை.

ஆனால் தேவை என்பதற்கு ஓர் அளவு உண்டு. பாதுகாப்புக்கு இன்றியமையாதது எனச் சொல்லும் கரையில் உல்லாசப் பயணிகளுக்கு விடுதி நடத்த இடம் எப்படி வந்தது? மாபிள் கடற்கரையில் விமானப்படையும், சோபர் தீவில் கடற்படையும் விடுதி நடத்துவதை யாரும் மறைக்கவில்லை, விளம்பரமே செய்கின்றனர். பணம் கொடுத்து வரும் அந்நியன் படுத்துறங்கலாம், ஆனால் அயலூர் மீனவன் வலை காய வைத்தால் நாட்டின் பாதுகாப்புக்குப் பங்கம் என்று சொல்வது எந்தத் தர்க்க சாத்திரத்தில் உள்ளது? விடுதிக்கு இடமிருக்கும் நிலத்தில் பாதுகாப்புத் தேவை இல்லை என்பதே அதன் பொருள். தேவையில்லாத நிலத்தைத் தன் கையில் வைத்திருப்பவன் காவலனல்லன், அவன் ஆதனக்காரன்.

துறைமுகத்தை உண்மையிற் காப்பது எது? 1942இல் இத்தளம் கோட்டையாலும் துவக்காலும் நிறைந்திருந்தும் பகைவன் வந்து தாக்கிச் சென்றான். தம் காணியில் உரிமையோடு குடியிருந்து, கடலையும் கரையையும் தமதென எண்ணி வாழும் மக்களே ஒரு கரையின் முதலாம் காவல்.

சட்டம் கூறுவது என்ன?

நம் வாசகரில் சட்டம் கற்றோரும் கமம் செய்வோரும் சரிபாதியாக இருப்பதால், சட்ட நிலையைச் சற்று விளக்கிக் கூறுவது நமது கடன்.

முதலாவது: 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டத்தின்படி, பொதுத் தேவை ஒன்றுக்காக மட்டுமே அரசாங்கம் தனியார் காணியை எடுக்கலாம். அவசரமென்று கூறி 38ஆம் பிரிவின் காப்புவாசகத்தின் கீழ் உடன் உடைமை எடுக்கும் அதிகாரமும் உண்டு. அந்த அதிகாரம் எல்லையற்றதன்று. பொதுத் தேவை யாது என்று அறிவித்தலில் வெளிப்படையாகக் கூறவேண்டும் என்பதை உயர் நீதிமன்றம் வலியுறுத்தியுள்ளது. “பொதுத் தேவை” என்று எழுதி, தேவை எதுவென்று எழுதாமல் விடுவது பெயரில்லாத கடிதம் போன்றது.

இரண்டாவது: 1979ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 39அ என்னும் பிரிவு. உடைமை எடுத்தபின் காணியைப் பொதுத் தேவைக்குப் பயன்படுத்தாமலும், இழப்பீடு கொடாமலும், திருத்த வேலைகள் செய்யாமலும் விட்டிருந்தால், உரிமையாளர் எழுத்தில் இணங்குமிடத்து, அமைச்சர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம். “கொடுக்கலாம்” என்பது அமைச்சரின் மனம் போனபடி என்று பொருள்படாது. அது பொதுமக்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாக வைத்துள்ள அதிகாரம் என்று 1993இல் டி சில்வா எதிர் அத்துக்கோறள வழக்கில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. நீதியரசர் மார்க் பெர்னாண்டோவின் அத்தீர்ப்பை நம் இளம் வழக்கறிஞர் ஒவ்வொருவரும் படித்தல் வேண்டும்.

மூன்றாவது: எடுத்தற் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழும் எடுக்காமல், வெறுமனே படை நுழைந்து கம்பி கட்டிய காணிகள் உள. இவற்றுக்கு வர்த்தமானியும் இல்லை, இழப்பீடும் இல்லை. சட்டப்படி எடுக்காத நிலத்தைத் திருப்பிக் கொடுக்கப் புதிய சட்டமொன்றும் வேண்டியதில்லை. கம்பியறுக்கும் குறடு ஒன்று போதும்.

நான்காவது: நம் கமக்காரரில் மிகப் பலரிடம் உறுதி இல்லை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப் பத்திரமே உண்டு. சிலரிடம் அதுவும் இல்லை. பயிர்செய்த நீண்ட காலமே அவர்களின் சான்று. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை கோர இயலாதென்பது சட்டம். 1979இன் அரச காணி மீட்புச் சட்டத்தின் கீழ் நீதவான் மன்றுக்கு இழுத்தால், செல்லுபடியாகும் எழுத்து மூல அதிகாரத்தைக் காட்டினாலன்றி வெளியேற வேண்டியதே. முப்பது ஆண்டு வியர்வையைக் காட்ட நீதவானின் மேசையில் இடமில்லை. இது சட்டத்தின் குறை. இதைத் திருத்தும் வரை, பத்திரத்தைப் பெற்றுக் காப்பது கமக்காரனின் உயிர்க்காப்பு.

ஐந்தாவது: காணி அதிகாரத்தைப் பற்றிய 13ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1987இல் வந்தது. அதன் கீழ்த் தேசியக் காணி ஆணைக்குழு ஒன்று அமைய வேண்டும். இத்தனை அரசாங்கங்கள் வந்து போயும் அது அமையவில்லை. உள்ள சட்டத்தை நிறைவேற்றாத ஆட்சி, பத்திரமில்லாத ஏழையைப் பார்த்துச் சட்டம் பேசுகின்றது!

நாம் கேட்பவை

ஆகவே பின்வருவனவற்றை அரசாங்கத்தின் முன் வைக்கின்றோம்.

திருக்கோணமலை மாவட்டத்தில் முப்படைகளும், பொலீசும், துறைமுக அதிகார சபையும் வைத்திருக்கும் காணிகள் யாவற்றுக்கும் ஓர் இடாப்புத் தயாரித்து, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த ஆண்டில், எத்தேவைக்கு எடுத்தவை என்று மூன்று மொழிகளிலும் வெளியிட வேண்டும்.

அந்தத் தேவை தீர்ந்த காணிகளை, முதலில் முன்னைய உரிமையாளருக்கும் பயிரிட்டோருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர்கள் எவரும் இல்லாத இடத்திலேதான் பிற திட்டங்களைப் பற்றிப் பேச வேண்டும். வரிசை தவறினால் நீதி தவறும்.

திருப்ப முடியாத காணிக்கு நிலத்துக்கு நிலமும், இழந்த போகங்களுக்கு இழப்பீடும் கொடுக்க வேண்டும். படைகள் வணிகம் நடத்துவதை நிறுத்தி, விடுதிகளைப் பிரதேச சபைகளிடமோ கூட்டுறவுச் சங்கங்களிடமோ ஒப்படைக்க வேண்டும்.

எரிசக்தித் திட்டம் எதுவாயினும் வயல் நிலத்தையும் குளத்து நீரேந்து நிலத்தையும் தொடக்கூடாது என்று கட்டளை பிறக்க வேண்டும். குதங்களால் வரும் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு இம்மாவட்டத்து மக்களின் நன்மைக்கென்று சட்டப்படி ஒதுங்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. இங்குள்ள பழைய காவற் குன்றுகளுள் ஒன்றை வளிமண்டலவியல் திணைக்களத்துக்குக் கொடுத்து, வானிலை ராடார் ஒன்றை நிறுவ வேண்டும். 1964 டிசம்பரில் நம் வடபகுதியைக் கடந்து தனுஷ்கோடியை அழித்த புயலையும், 2020 டிசம்பர் 2ஆந் தேதி குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையேறிய புரவிப் புயலையும் இக்கரை மறக்கவில்லை. பெரும்போகத்தில் விதைத்தவனுக்கும் கடலுக்குப் போனவனுக்கும் சில மணி நேர முன்னறிவிப்பு ஓர் உயிரின் விலை. அன்று பகைவனின் விமானத்தைத் தேடிய கண், இனி நம் மக்களுக்காக மேகத்தைப் பார்க்கட்டும். படைத்தளத்தைக் குடிகளின் பயனுக்கு ஆக்குவது என்பதற்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் யாது?

நமது கடமை

அரசாங்கத்திடம் கேட்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. கமக்காரரே, உங்கள் உறுதி, அனுமதிப் பத்திரம், வரிச் சீட்டு, பழைய பங்கீட்டு அட்டை, குளக்கூட்டப் பதிவு எதுவாயினும் பத்திரப்படுத்துங்கள். பிரதி எடுத்து வேறு வீட்டிலும் வையுங்கள். போரில் அவை எரிந்திருந்தால் கச்சேரியிலும் நில அளவைத் திணைக்களத்திலும் காணிப் பதிவகத்திலும் பிரதிகளைத் தேடுங்கள். 1983 மே மாதம் முதல் 2009 மே வரை போராற் காணியை விட்டகன்றவருக்கு எதிராக, வேறொருவர் அக்காலத்தைக் கணக்கிட்டு ஆட்சியுரிமை கோர முடியாதபடி 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் காப்பளிப்பதையும் அறிந்து கொள்ளுங்கள்.

கற்றோரே, உங்கள் கல்வி இந்த மண்ணின் நெல்லைத் தின்று வளர்ந்தது. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுத எத்துணை நேரம் செல்லும்? கிராமத்துக்கு ஒரு வழக்கறிஞரும், ஒரு நில அளவையாளரும், ஓர் ஆசிரியரும் மாதத்தில் ஒருநாள் சென்று அமர்ந்தால், ஓராண்டுக்குள் அரசாங்கம் தயாரிக்க மறுக்கும் இடாப்பை நாமே தயாரித்துவிடலாம். நம்முடன் குன்றேறிய ஓய்வுபெற்ற நில அளவையாளர் அன்றிரவே தம் பழைய வரைபடங்களைத் தூசி தட்டி எடுத்துவிட்டார் என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கின்றோம். அவரைப் போல் இன்னும் நூறு பேர் வேண்டும்.

குன்றிலிருந்து இறங்கி வரும்போது சம்பூர்க் கமக்காரர் மாலுமியிடம் கைகூப்பி விடைபெற்றார். “தம்பி, ஒருநாள் எங்கள் ஊருக்கு வாருங்கள். அங்கிருந்தும் இந்தக் குன்று தெரியும்” என்றார். பகைமையில்லாத அந்த அழைப்பிலே ஒரு முழு அரசியலே அடங்கியுள்ளது. மேலிருந்து கீழே பார்ப்பது மட்டும் ஆட்சியன்று. கீழிருந்து மேலே பார்ப்பவனுக்கும் கண் உண்டு, காணி உண்டு, உரிமை உண்டு. அதை உணராத வேலி எதுவாயினும் நிலைக்காது. அதை உணர்த்தும் பணியை நாம் இன்றே தொடங்குவோம்.